இன்னும் ‘பணியில்’ இருக்கும் ரெஜினா அம்மையார்

மதிப்பிற்குரிய ரெஜினா அம்மையாரின் குடும்பத்தாருக்கும், எம் அலுவலக மாற்றக் குழுவினருக்கும், அம்மையாரை அறியாது இதை வாசிக்கும் அன்பர்களுக்கும் என் பணிவான வணக்கம். நினைவு மலருக்கான இக்கட்டுரையைக் காலம் தாழ்த்தி அனுப்புவதற்கு மன்னிக்க வேண்டுகிறேன். எழுத அமர்ந்த போதெல்லாம் அம்மையாரிடமிருந்தே வந்த ஒரு மின்னஞ்சல் என் கையைக் கட்டிப்போட்டது.

கெலாங் பாத்தாவில் உள்ள எம் அலுவலகத்துக்கு அச்செய்தி ஒரு காலை வேளையில் வந்தது. மேலாளர் குமரன் என் மேசையருகே வந்து நின்றார்.

“அக்கா, ரெஜினா அக்கா போயிட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருந்து இப்பத்தான் கூப்பிட்டாரு.”

சற்று முன்புதான் ஓர் ஐயம் கேட்டு அம்மையாருக்கு எழுதியிருந்தேன். குமரன் பேசிக்கொண்டிருக்கையிலேயே என் திரையில் பதில் வந்து நின்றது: “நான் விடுப்பில் இருக்கிறேன். திரும்பியதும் பதில் தருவேன். அதுவரை எதையும் மாற்ற வேண்டாம்.”

சிகிச்சைக்குச் செல்லுமுன் அவரே அமைத்துவைத்த தானியங்கிப் பதில் அது. அறிந்திருந்தும் அதை இருமுறை வாசித்தேன்.

பாலோ என்னும் ஊரில் பிறந்தவர் அம்மையார்; அவர் குடும்பம் இன்றும் அங்கேதான். தொழிற்சாலைப் பேருந்து நிறுவனங்களுக்காக நாங்கள் உருவாக்கும் பணியாளர் மென்பொருளில், தரவு அகராதி அவருடைய பொறுப்பு. தரவுத்தளத்தின் ஒவ்வொரு புலத்துக்கும், அதாவது ஒரு தகவலை இடும் கட்டத்துக்கும், என்ன பெயர், என்ன பொருள், எவ்வளவு நீளம், அதில் எந்தெந்தச் சொற்களை இடலாம் என்று வரையறுப்பதே அந்த அகராதி. அதில் ஒன்றை மாற்ற விரும்புபவர் கோரிக்கை எழுத வேண்டும். எழுதியவரே அதற்கு ஒப்புதல் தரக்கூடாது; மாற்றக் குழுதான் தர வேண்டும். இது அவர் வகுத்த விதி. எந்தக் கல்லூரியிலும் பயிலாமல், நூல்களை வாங்கி நானாகவே இத்தொழிலைக் கற்றவள் நான். எவரிடமும் எளிதில் ஐயம் கேட்பதில்லை. அவரிடம் கேட்டேன்.

குமரன் நிரல் எழுதுபவராக இருந்த நாளில், கோரிக்கை ஏதுமின்றிப் பெயருக்கான புலத்தை நீட்டிவிட்டார். நம்மவர் பெயர்கள் தந்தை பெயரோடு சேர்ந்து நீளமானவை; அட்டையில் பாதியில் வெட்டுப்படுகின்றன என்பது அவர் கவலை. மறுநாள் அச்சான ஓட்டுநர் அட்டைகளை அம்மையார் அவர் முன் பரப்பினார்.

“பாருங்க தம்பி, போட்டோவுல எல்லார் மூஞ்சி மேலயும் அவங்கவங்க அப்பா பேரு ஓடுது.”

“நல்லதுக்குத்தானே அக்கா செஞ்சேன்?”

“நல்லதுக்குத்தான். கார்டு அடிக்கிற மெஷின்கிட்ட சொன்னீங்களா?”

அலுவலகமே சிரித்தது. குமரனும் சிரித்தார். அந்தப் புலத்தை எந்தெந்தத் திரையும் அறிக்கையும் படிக்கின்றன என்று அன்று முழுவதும் அவரோடு அமர்ந்து பார்த்து, புலத்தை முறைப்படி நீட்டிக் கொடுத்தவரும் அம்மையாரே.

பின்னர் ஒன்று நேர்ந்தது. பொந்தியானைச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவர் மாரடைப்பால் இறந்தார். பணிநிலை என்ற புலத்தில் மூன்று சொற்களே இருந்தன: பணியில், விலகியவர், ஓய்வு பெற்றவர். பேருந்து நிறுவனத்து எழுத்தர் வேறு வழியின்றி ‘விலகியவர்’ என்று இட்டார். மென்பொருள் தன் வழக்கப்படி இறந்தவருக்கே கடிதம் அனுப்பியது: தங்கள் விலகலை ஏற்கிறோம், சீருடையைத் திருப்பித் தருக.

கடிதத்தின் அடியில் இருந்த எம் எண்ணுக்கு அவர் மனைவி அழைத்தார். தொலைபேசியை எடுத்தவர் அம்மையார். அருகிலிருந்த எனக்கும் அக்குரல் கேட்டது.

“என் வீட்டுக்காரரு வேலைய விட்டுப் போகலம்மா. செத்துப் போயிட்டாரு. அந்தச் சட்டையோடதான் அனுப்பி வச்சோம். எப்படித் திருப்பித் தருவேன்?”

அம்மையார் அன்றே கோரிக்கை எழுதினார்: பணிநிலையில் ‘காலமானார்’ என்ற நான்காவது சொல்லைச் சேர்க்க வேண்டும், அச்சொல் இட்டவுடன் கடிதங்கள் நிற்க வேண்டும். பல அறிக்கைகளைத் தொடும் மாற்றம் என்று கூறி, மாற்றக் குழு அதை மென்பொருளின் அடுத்த பதிப்புக்குத் தள்ளியது. அதற்கடுத்த பதிப்புக்கும் தள்ளியது. “சரியான சொல் இல்லங்கிறதுக்காகத் தப்பான சொல்லப் போடக்கூடாதும்மா” என்று என்னிடம் வருந்தினார். தம் விதியைத் தாமே மீறி ஒப்புதல் இட்டுக்கொள்ள மட்டும் அவர் இசையவில்லை.

எம் அலுவலகப் பணியாளர்களும் அதே மென்பொருளில்தான் உள்ளனர். அடக்கம் முடிந்து திரும்பியதும் அம்மையாரின் மென்பொருள், மின்னஞ்சல் கணக்கை மூடும் பணி என்னிடம் வந்தது. பணிநிலையை மாற்றாமல் கணக்கை மூட இயலாது.

“ரிசைன்னு போட்டு மூடிடுங்க லா அக்கா. யாரு பார்க்கப் போறா?” என்றார் குமரன்.

“லெட்டர் பாலோவுக்குப் போகும் தம்பி. அவங்க வீட்டுக்காரர்தான் பிரிப்பாரு. பரவாயில்லையா?”

அவர் தம் மேசைக்குத் திரும்பிச் சென்றார்.

ஆகவே அம்மையார் இன்னும் பணியில் இருக்கிறார். யார் எந்தப் புலத்தைத் தொட்டாலும் மென்பொருள் அவருக்கு எழுதுகிறது. எதையும் மாற்ற வேண்டாம் என்று அவர் எங்கள் அனைவருக்கும் பதில் தருகிறார். “அலமாக், ஐயையோ, இன்னும் நம்மள மிரட்டுறாங்க” என்று முதலில் நகைத்த குமரன், இப்போது அந்தப் பதிலைத் திறப்பதே இல்லை. அம்மையாருடைய நாற்காலியை நகர்த்தவும் எவரும் முன்வரவில்லை. நான் ஒவ்வொரு பதிலையும் திறந்து, இறுதிவரி வரை வாசிக்கிறேன்.

அம்மையீர், சென்று வாருங்கள். தாங்கள் திரும்பும்வரை எதையும் மாற்றாதிருக்க எங்களால் இயலாது. ஆனால் தாங்கள் கேட்டதை மட்டுமே மாற்றுவோம்.

மாற்றக் குழுவினருக்கு: அம்மையாரின் கோரிக்கையை ஒரு சொல்லும் திருத்தாமல் மீண்டும் அனுப்பியுள்ளேன். ஒப்புதல் கிடைத்ததும் ‘காலமானார்’ என்று இட்டு அவர் கணக்கை மூடுவேன். அவர் பதில்களும் நின்றுவிடும். அதை அறிந்தே கேட்கிறேன். தயவுகூர்ந்து விரைவில் பதில் எழுதுங்கள்.