வேனில் பொருத்திய இன்வெர்ட்டர்

வண்டியில் இன்வெர்ட்டர் (பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி) வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் கணவருக்கு நுரையீரல் நோய். ஆக்சிஜன் இயந்திரம் இல்லாமல் வெளியே போக முடியாது. ஆனாலும் சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரைக்குப் போய்க் கடலைப் பார்க்க ஆசைப்பட்டார். அதற்காகப் பழைய வேன் ஒன்றில் படுக்கை போட்டோம். பேட்டரியிலிருந்து இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுக்க, என் தம்பி குமார் இன்வெர்ட்டரைப் படுக்கைக்கு அடியில் பொருத்தினான்.

“ஒயர் ரொம்ப மெல்லிசா இருக்கே, ஃபியூஸ் வேண்டாமா?” என்று கேட்டேன்.

“கொஞ்ச தூரம்தானே அக்கா, ஓகே லா,” என்றான்.

கடற்கரைக்குப் போகும் வழியில் காத்தோங் வட்டாரத்தைத் தாண்டுவதற்குள் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. படுக்கைக்கு அடியிலிருந்து புகை கிளம்பியது. குமார் வேனை ஓரங்கட்டி, சூடேறிக் கருகிய ஒயரை வெறுங்கையால் பிடுங்கினான். உள்ளங்கை வெந்துவிட்டது. தீ பிடிக்கவில்லை, ஆனால் இயந்திரம் நின்றுபோனது. நடைபாதையில் கணவரை என்மேல் சாய்த்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தேன். அவர் உதடுகள் நீலமாகிக்கொண்டிருந்தன.

நல்லவேளை, பிழைத்துவிட்டார். இப்போது விவரம் தெரிந்த எலெக்ட்ரீஷியனை வைத்துத் தடித்த ஒயரும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸும் போட்டிருக்கிறோம். அவசரத்துக்குச் சிறிய ஆக்சிஜன் சிலிண்டரும் வண்டியில் இருக்கிறது.

“கடலுக்குப் போலாமாங்க?” என்று அடிக்கடி கேட்கிறேன்.

“வேணாம்மா, வீட்லயே இருக்கேன்,” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். அந்த வேனில் ஏற அவருக்கு இன்னும் பயம்.