முத்துலிங்கம் செத்துப்போன வெள்ளிக்கிழமை

காக்கிச் சட்டையைக் கண்டால் முத்துலிங்கத்தின் வலது கை தானாகவே மேல் பொத்தானைத் தேடிப் போகும். பொத்தான் இல்லாத நாட்களில் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நாற்பத்தேழு வயது மனிதர், மலைப்பாம்பைக் கையால் பிடித்துச் சாக்கில் போட்டவர். ஆனால் பொலிஸ் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், நாக்கு உலர்ந்துவிடும்.

கலகெதர சந்தியில் ஒருமுறை பொலிஸ்காரர் ஒருவர் லொறியை நிறுத்தக் கையைத் தூக்கினார். லொறிக்குப் பின்னால் நடந்து வந்த முத்துலிங்கமும் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டார். லொறி போயிற்று. பொலிஸ்காரர் கடையில் போய்த் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். முத்துலிங்கத்தின் கைகள் அப்போதும் மேலேதான் இருந்தன.

இன்னொரு முறை பஸ்ஸில் பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர் வந்து உட்கார்ந்து அப்படியே தூங்கிப்போனார். கட்டுகஸ்தோட்டையில் இறங்க வேண்டிய முத்துலிங்கம், அவரை எழுப்பி வழிவிடச் சொல்லத் துணிவில்லாமல் கண்டி வரை போய், வேறு பஸ் பிடித்துத் திரும்பினார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு பழைய காயம் இருந்தது. அவருக்கு இருபது வயதாக இருந்தபோது, யுத்தம் நடந்த காலத்தில், ஒரு விடியற்காலையில் லயத்துக்கு ஜீப் வந்தது. பெயர் எழுதிய காகிதத்தைப் பார்த்து மூன்று பையன்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் மறுநாள் வந்தார்கள். மூன்றாவது ஆள் முத்துலிங்கம். அவர் திரும்பி வர ஐந்து மாதமாயிற்று. எதற்காகப் பிடித்தார்கள், எதற்காக விட்டார்கள் என்று இன்றுவரை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அந்த லயத்துக்கு ஒரு வழக்கம் வந்தது. காக்கிச் சட்டைக்காரர் வந்து யாருடைய பெயரைக் கேட்டாலும், "அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்பதுதான் பதில். கூடிப் பேசி எடுத்த முடிவு அல்ல அது. யுத்தம் முடிந்து எத்தனையோ வருடங்கள் ஆகியும் அந்தப் பதில் மட்டும் முடியவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் காவற்காரர் வேலை கிடைத்தது! குண்டசாலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், வாசலில் நிற்கும் உத்தியோகம். தொப்பி உண்டு, காலுக்குச் சப்பாத்து உண்டு, மாதச் சம்பளம் உண்டு. தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்ட பிறகு மிளகு ஆய்வதும் புதர்ப் பற்றை வெட்டுவதுமாக எட்டு வருடம் அலைந்தவருக்கு இதைவிடப் பெரிய வரம் வேறென்ன? ஒரே ஒரு நிபந்தனை. இரண்டு வாரத்தில், திங்கட்கிழமை காலை வேலைக்கு வரும்போது பொலிஸ் நற்சான்று கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்கு.

விண்ணப்பத்தைக் கொண்டுபோய் பொலிஸ் நிலையத்தில் கொடுத்தது மகள் யசோதினி. அக்குறணையில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்யும் கெட்டிக்காரப் பெண்.

"அப்பா, வீட்டுக்கு வந்து விசாரிப்பாங்களாம்."

"வரட்டும். ஆனா அம்மாகிட்டகூட மூச்சு விடாத. வேலை கைக்கு வரட்டும். அதுக்கு முன்ன வாயத் தொறந்தா கண்ணூறு பட்டுடும்."

"அம்மா கண்ணுமா படும்?"

"உங்கம்மா கண்ணு படாது. உங்கம்மா வாயி பெருமாயி காது வரைக்கும் போகும். அங்கேருந்து லயம் முழுக்கப் போகும்."

அந்த ஒரு இரகசியம் என்ன பாடுபடுத்தப் போகிறது என்று அந்த அப்பாவி மனிதருக்கு அப்போது தெரியவில்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்திய வெள்ளிக்கிழமை வந்தது. காரணம் சொல்லாமலே மாடசாமிக்கு ஒரு பூசை வைக்க ஏற்பாடு செய்திருந்தார் முத்துலிங்கம். வீட்டுக்கு முன்னால் பெரிய பானைகளில் சோறும் சாம்பாரும் கொதித்துக்கொண்டிருந்தன. வாழையிலையும் கற்பூரமும் வாங்க அவர் டவுனுக்குப் போயிருந்தார். மனைவி ராக்கம்மா அடுப்புக்கு முன்னால் வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தாள்.

காலை ஒன்பது மணிக்கு மண்ரோட்டில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. இறங்கி வந்தவர் இளம் கொன்ஸ்டபிள் அபேரத்ன. ராலாமி என்று லயத்தார் அழைக்கும் பொலிஸ்காரர்கள் இதுவரை சிங்களத்தில் அதட்டித்தான் பேசியிருக்கிறார்கள். இந்த ராலாமியோ பொலிஸ் மொழி வகுப்பில் தமிழ் படித்துச் சான்றிதழ் வாங்கியவர். முதல் வீட்டு வாசலில் நின்ற வேலுவைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார்.

"வணக்கம் ஐயா. திரு முத்துலிங்கம் அவர்களின் இல்லம் எது?"

வேலு ஒரு காலை வீட்டுக்குள் வைத்தான். அதட்டினால் பழக்கம் உண்டு. பொலிஸ்காரர் கும்பிட்டு, 'அவர்கள்' என்று சொன்னால் அது கோர்ட்டு விவகாரமாகத்தானே இருக்க வேண்டும்?

"அப்படி யாரும் இங்க இல்லீங்க!"

அடுத்த வீட்டுப் பெருமாயி தானாகவே முன்வந்து ஒரு படி மேலே போனாள்.

"இருந்தாருங்க. மன்னாருக்குப் போயி மூணு வருசமாச்சு. காயிதம்கூடப் போடல பாவிமனுசன்."

கொன்ஸ்டபிள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். வீட்டு இலக்கத்தைப் பார்த்தார். மெல்ல நடந்து ராக்கம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, தாங்கள் திரு முத்துலிங்கம் அவர்களின் துணைவியாரா?"

ராக்கம்மாவின் கையிலிருந்த அகப்பை விழுந்தது. இருபத்தேழு வருடத்துக்கு முந்திய அந்த விடியற்காலை அவள் கண்முன் வந்து நின்றது. அப்போது அவள் அவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண். ஐந்து மாதம் ஒவ்வொரு நாளும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றவள். மறுபடியுமா? ஐயோ, மறுபடியும் அந்த ரோட்டையா பார்க்க வேண்டும்?

"அவர்... அவர் இல்லீங்க."

"எங்கே சென்றுள்ளார்?"

வேலு இல்லை என்றான். பெருமாயி மன்னார் என்றாள். துணிக்கொடியில் அவர் உடுத்தும் சாரம் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. எந்த ஊரைச் சொன்னாலும் அங்கே போய்ப் பிடித்து வருவார்களே! யாராலும் போய்ப் பிடித்து வர முடியாத இடம் ஒன்றே ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

"செத்துட்டாருங்க!"

சொன்ன வேகத்தில் நெற்றிப் பொட்டை உள்ளங்கையால் அழித்தாள். கொன்ஸ்டபிள் இரண்டடி பின்வாங்கினார்.

"அனே! மிகவும் வருந்துகிறேன் அம்மா. எப்போது?"

அவள் கண் கொதிக்கும் பானைகளில் போய் விழுந்தது.

"இன்னைக்கிதான் கருமாதிங்க. பதினாறாம் நாள்."

கொன்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றினார். தலை குனிந்து ஒரு நிமிடம் நின்றார். பிறகு சின்னப் புத்தகத்தை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டு, மோட்டார் சைக்கிளைச் சத்தமில்லாமல் சந்தி வரை தள்ளிக்கொண்டே போனார்.

அவர் தலை மறைந்ததும் ராக்கம்மா மண்ணில் விழுந்தாள். எந்த வாயால் தாலி நிலைக்க வேண்டிக்கொண்டாளோ, அந்த வாயாலேயே அவரைக் கொன்றுவிட்டாளே! அவள் அழுத அழுகையில் பெருமாயியும் அழுதாள். விஷயம் தெரியாத நாலைந்து பெண்கள் ஓடி வந்து, உண்மையிலேயே ஏதோ நடந்துவிட்டதென்று மாரடித்துக் கதறினார்கள்.

பத்தரை மணிக்கு வாழையிலைக் கட்டோடு திரும்பிய முத்துலிங்கத்துக்குத் தன் வீட்டு ஒப்பாரிதான் முதலில் கேட்டது. இலையைப் போட்டுவிட்டு ஓடினார்.

"யாரு? யாரு போனது?"

"நீங்கதாங்க!" என்றாள் பெருமாயி.

ராக்கம்மா எழுந்து வந்து அவருடைய சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "என்னய்யா செஞ்சீங்க? எதுக்குய்யா ராலாமி உங்களத் தேடி வந்தாரு? எங்கிட்ட எத மறைச்சீங்க?"

வெறும் நெற்றியோடு நின்ற மனைவியை முத்துலிங்கம் மேலும் கீழும் பார்த்தார். முழுக் கதையும் கேட்ட பிறகு கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"ஐயோ, அது வேலைக்கு வந்த விசாரணைடி! காவற்கார வேலை. ராலாமி வந்து, 'இந்தாளு இங்கதான் இருக்காரு, நல்லவரு'ன்னு எழுதிக்கிட்டுப் போனா போதும். புத்தகத்துல எழுதிட்டாரா?"

"எழுதினாரு."

"செத்துட்டேன்னா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். இப்போது அதிர்ச்சியடைவது அவள் முறை. வேலை! மாதச் சம்பளம்! அதைத் தன் வாயாலேயே மண்ணுக்குள் புதைத்துவிட்டாளே!

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"கண்ணூறு படும்னு நெனச்சேன்."

"இப்ப பட்டது என்னங்க?"

ஒரே வழிதான் இருந்தது. பொலிஸ் நிலையத்துக்கு அவரே நடந்து போய், நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டார். மேல் பொத்தானையும் பூட்டினார். கதிரையிலிருந்து எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். ஐந்து மாதம் அடைபட்ட இடத்தின் வாசனை மூக்கில் ஏறியது. பூசை முடிந்தது, பந்தி போட்டார்கள். அவர் அப்போதும் கதிரையிலேயே இருந்தார். ராக்கம்மா பொட்டை முன்பைவிட இரண்டு மடங்கு பெரிதாக வைத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்தாள்.

"வாங்க. நானும் வாறேன். கொன்னது நான்தானே, நானே வந்து சொல்றேன்."

அந்த நேரம் பார்த்து மண்ரோட்டில் ஜீப் ஏறி வந்தது.

சோற்றில் கை வைத்தவர்கள் அப்படியே உறைந்துபோனார்கள். ஜீப்பிலிருந்து கொன்ஸ்டபிள் அபேரத்னவும், பெரிய வயிறுள்ள சார்ஜன்ட் ஒருவரும் இறங்கினார்கள். கொன்ஸ்டபிளின் ஒரு கையில் துக்க வீட்டுக்குக் கொண்டுபோகும் சீனியும் பிஸ்கட்டும். மறு கையில் முத்துலிங்கத்தின் விண்ணப்பம்.

சார்ஜன்ட் சிங்களத்தில் சொன்னதைக் கொன்ஸ்டபிள் தமிழாக்கினார். "அம்மா, ஒரு சிறு சந்தேகம். தங்கள் கணவர் இறந்து பதினாறு நாள். இந்த விண்ணப்பத்தில் அவர் கையெழுத்திட்டு எட்டு நாள். உண்மை எனில் இந்தச் சீனியைப் பெற்றுக்கொள்ளுங்கள். பொய் எனில்..."

அவர் வார்த்தை நின்றுபோனது. விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார். கதிரைக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற உருவத்தைப் பார்த்தார். பிஸ்கட் பொதி கீழே விழுந்தது.

"நா... நான்தாங்க," என்றார் முத்துலிங்கம். "உசுரோடதான் இருக்கேன். மன்னிச்சுக்கங்க."

வாழ்நாளில் ஒரு பொலிஸ்காரரிடம் அவர் தானாகப் பேசிய முதல் வார்த்தைகள் அவை. ராக்கம்மா அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தப்பு என்னோடதுங்க. ஒருவாட்டி பேரு கேட்டு வந்தவங்க இவர அஞ்சு மாசம் வச்சிருந்தாங்க. இன்னொருவாட்டி கொண்டுபோயிடுவீங்கன்னு பயந்து நானே கொன்னுட்டேன். என்னப் புடிச்சுக்கிட்டுப் போங்க."

கொன்ஸ்டபிள் அதைச் சிங்களத்தில் சொன்னார். சார்ஜன்ட் திரும்பினார். அந்த ஜீப்பின் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கொன்ஸ்டபிளிடம் மெதுவாக ஏதோ சொன்னார்.

"புத்தகத்தில் மரணம் என்று எழுதியாயிற்று," என்றார் கொன்ஸ்டபிள். "அதை வெட்டி எழுத இரண்டு சாட்சிகள் தேவை. இவரை அறிந்தவர் யார்?"

பந்தியில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இருபத்தேழு வருடத்துப் பழக்கம் ஒவ்வொரு தொண்டையிலும் அடைத்து நின்றது. முத்துலிங்கத்தின் திங்கட்கிழமை வேலை அந்த மௌனத்தில் கரைந்துகொண்டிருந்தது.

"எனக்குத் தெரியும்!" பெருமாயி எச்சில் கையோடு எழுந்தாள். "மன்னாருக்கெல்லாம் போகலீங்க. நான்தான் அனுப்பி வச்சேன். தங்கமான மனுசன்."

"எனக்கும் தெரியும்," வேலுவும் எழுந்தான். ஒருமுறை திறந்த வாய் மூடவில்லை. "சின்ன வயசுலேருந்து தெரியும். கங்காணி வீட்டுப் பலாக்காயத் திருடினதுகூட நாங்க ரெண்டு பேருந்தான்..."

பெருமாயி அவன் தொடையில் கிள்ளினாள். கொன்ஸ்டபிள் பேனாவை நிறுத்தினார்.

"பலாக்காய் எழுத வேண்டுமா?"

"வேணாங்க!" என்று நாற்பது குரல்கள் ஒன்றாகக் கேட்டன. என்ன பேசுகிறார்கள் என்று விளங்காமலே சார்ஜன்ட் வயிறு குலுங்கச் சிரித்தார். இரண்டு பொலிஸ்காரர்களும் இலை போட்டு உட்கார்ந்து கருமாதியல்லாத அந்தச் சோற்றைச் சாப்பிட்டார்கள். முத்துலிங்கம்தான் பரிமாறினார். சார்ஜன்டின் இலையில் சாம்பார் மூன்று கரண்டி கூடுதலாக விழுந்தது. சீனியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கொன்ஸ்டபிள் வாங்கவில்லை. "வேலை கிடைத்ததற்குத் தேநீர் வையுங்கள்," என்றார்.

மறுநாளே நற்சான்று யசோதினியின் கைக்கு வந்தது.

திங்கட்கிழமை பின்னேரம். ராக்கம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மண்ரோட்டு வளைவில் ஒரு தொப்பி தெரிந்தது. பிறகு சப்பாத்துச் சத்தம். முதல் வீட்டில் வேலு சட்டென்று எழுந்து கதவைச் சாத்தினான். பெருமாயியின் வாய், "அப்படி யாரும் இங்க..." என்று தொடங்கி, ஆளைக் கண்டதும் பாதியில் நின்றது. ராக்கம்மாவின் உள்ளங்கை அவளை அறியாமலே நெற்றி வரை போய்விட்டது.

தொப்பிக்காரர் அவள் முன்னால் வந்து நின்று கைகூப்பினார். மேல் பொத்தான் பூட்டியிருந்தது. கை அதைத் தேடவில்லை.

"வணக்கம் அம்மா. திரு முத்துலிங்கம் அவர்கள் இல்லத்தில் உள்ளாரா?"

ராக்கம்மா நெற்றியிலிருந்து கையை எடுத்தாள். பொட்டு அப்படியே இருந்தது. கண் நிறைந்து வழிந்தது.

"அவரு செத்து மூணு நாளாச்சுங்க," என்றாள். "சோறு போட்டு வச்சிருக்கேன். சப்பாத்தக் கழட்டிட்டு வாங்க."