திருவிழா முடியும்வரை மூச்சு

எனக்கு வயது எழுபத்தொன்று. பெற்றது நாலு. அம்மா காட்டு வேலைக்குப் போன காலத்தில் என் இடுப்பிலேயே வளர்ந்த தம்பியையும் சேர்த்தால் வளர்த்தது ஐந்து. எதற்கும் யாரிடமும் போய் யோசனை கேட்டு நின்றவள் இல்லை நான். அப்படிப்பட்டவள் இரண்டு வருடத்துக்கு முன் வைகாசி மாதத்தில், தருமபுரியில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டேன்.

நான் பிறந்த ஊர் வத்தல்மலை அடிவாரத்தில் இருக்கிறது. அம்மா அங்கே தம்பி வீட்டில்தான் இருந்தாள். தொண்ணூறு வயது இருக்கும். சளி முற்றி மூச்சு முட்டியதும் நானும் என் பெரிய மகனும் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அன்றைக்கே வாயில் குழாயை விட்டு மெஷினில் போட்டார்கள். தம்பி வரவில்லை. முந்தின நாள்தான் ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். ஊர்த் தகராறில் ஆறு வருடம் நின்றுபோயிருந்த திருவிழா அது. கரகம் எடுக்கிற முறை இந்தத் தடவை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது; காப்பு தம்பி கையில். காப்புக் கட்டியவன் திருவிழா முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. வீட்டில் சாவு விழுந்தால் தீட்டு. கரகம் வேறு வகையறாவுக்குப் போய்விடும்.

ஐந்தாம் நாள் பெரிய டாக்டரம்மா என்னை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். மெஷினைக் குறைத்துப் பார்த்தார்களாம், அம்மாவால் தனியாக மூச்சு விட முடியவில்லை. கிட்னியும் நின்றுவிட்டது. இனித் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைக்கவேண்டும். அப்படிச் செய்தாலும் எழுந்து வீட்டுக்கு வருவாள் என்று சொல்ல முடியாது. "வேண்டாம்னு வூட்டுல எல்லாரும் ஒரே மனசா சொன்னீங்கன்னா, டாக்டருங்க நாங்க கூடிப் பேசி, வலி தெரியாம மருந்து குடுத்துக் குழாயை எடுத்துடலாம்மா. அவசரமில்ல, பேசிட்டு வாங்க" என்றார்.

தம்பிக்குப் போன் போட்டேன். "இன்னும் எட்டு நாளுதான்க்கா. கரகம் எறங்கற வரைக்கும் மெஷினு ஓடட்டும். அப்பறம் நீ சொல்ற மாதிரியே பண்ணிக்கலாம்" என்றான்.

"எட்டு நாளுதானே, ஓடட்டும் சாமி" என்றேன் நான்.

ஏன் சொன்னேன்? கரகம் எடுப்பவனுடைய அக்காதான் மாவிளக்கு ஏந்தி எல்லாப் பெண்களுக்கும் முன்னால் நடப்பாள். அதற்கென்று அரக்குச் சேலை எடுத்து ரவிக்கைகூடத் தைத்து வைத்திருந்தேன். ஊர் முழுக்க என்னைப் பார்க்கும் என்ற நினைப்பு. உள்ளதைச் சொன்னால் அதுதான் காரணம்.

மறுநாள் காலையில் உள்ளே போய்ப் பார்க்க விட்டார்கள். அம்மாவின் இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். பதறிப்போய்க் கேட்டேன்.

"அவுத்துவுட்டா குழாயைப் புடுங்கிடறாங்க பாட்டி. நெனவு வர்றப்பல்லாம் அதான் பண்றாங்க" என்றாள் நர்ஸ் பெண்.

அம்மா கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பாசம் ஒன்றும் இல்லை. சின்ன வயதில் ஆட்டை அவிழ்க்க மறந்துவிட்டு விளையாடப் போனால் என்னை அப்படித்தான் பார்ப்பாள்.

வெளியே வந்து தம்பியைக் கூப்பிட்டு, வந்து பார்த்துவிட்டு முடிவைச் சொல் என்றேன். காப்போடு எப்படி எல்லை தாண்டுவது என்றான். "எல்லையைத் தாண்டாமயே பெத்தவ உசுருக்கு நாளு குறிக்கிறமே, அது மட்டும் தகுமாடா? நானுந்தான் குறிச்சேன். இப்ப அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கறேன்" என்றேன். போனை வைத்துவிட்டான். அடுத்த நாளும் எடுக்கவில்லை. தொண்டைக் குழாய்க்குக் கையெழுத்துக் கேட்டபோது, என் தம்பி வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் மகனை ஆஸ்பத்திரியில் இருக்கச் சொல்லிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினேன். தம்பி பெண்டாட்டி வாசலிலேயே மறித்தாள். "ஆறு வருசம் கழிச்சி ஒரு நல்லது நடக்குது. பொறந்த வூட்டுக்குச் சாபம் குடுக்கத்தான் வந்தீங்களா அண்ணி?"

அப்படியே திரும்பினேன். கோயிலுக்குப் போய், பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் வெயிலில் உட்கார்ந்தேன். தம்பி ஓடிவந்தான். "எந்திரிக்கா, ஊரே பாக்குது" என்றான்.

"பாக்கட்டும். உன்ன இடுப்புல சொமந்தவ நானு. நீ என்கூட பஸ்சு ஏறற வரைக்கும் இந்த எடத்த வுட்டு எந்திரிக்கமாட்டேன்."

கட்டிக்கொடுத்த பெண் ஊர் விஷயத்தில் வாய் திறப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. திறந்தேன். மெஷின், கட்டின கை, எட்டு நாள், என் சேலை எல்லாவற்றையும் சொன்னேன். திருவிழாவை முன்னின்று நடத்தும் பெரியவர் கையில் இருந்த கயிற்றைக் கீழே போட்டார்.

"எந்த மாரியாத்தாடா பெத்தவளைக் கட்டிப்போட்டுக் கரகம் எடுக்கச் சொன்னா? நாங்க கேட்டமா உன்ன? காப்ப அவுத்து ஆத்தா காலடியில வெச்சிட்டுக் கெளம்பு. தூக்க ஆளா இல்ல?"

தம்பி கையில் கட்டியிருந்த காப்பைத் தடவிக்கொண்டே நின்றான். அந்தக் கரகம் அவனுக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். முறை சுற்றி வருவதற்குள் அவனுக்கும் என் வயதாகிவிடும். பிறகு கோயிலுக்குள் போனான். வெறுங்கையோடு வெளியே வந்தான். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அம்மாவிடம் போனதும் நர்ஸைக் கேட்டுக்கொண்டு ஒரு கையை மட்டும் அவிழ்த்தான். அந்தக் கை மெல்ல மேலே எழுந்து நேராகக் குழாய்க்குப் போனது. சட்டென்று பிடித்துக்கொண்டான். அவள் இழுக்க, இவன் விடாமல் பிடிக்க, அந்த எலும்புக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ!

"இப்ப நானே புடிச்சி வெச்சிருக்கனேக்கா" என்று சொல்லி உடைந்து அழுதான்.

டாக்டரம்மாவிடம் அவனேதான் சொன்னான். அவன் கையெழுத்துப் போட்டான். எனக்கு எழுதத் தெரிந்தது என் பெயர் மட்டும்தான். அதை எழுதினேன். டாக்டர்கள் கூடிப் பேசி, மறுநாள் மதியம் குழாயை எடுத்தார்கள். கைக்கட்டையும் அவிழ்த்தார்கள். அம்மாவுக்கு முகம் தெளிந்தது. சாயங்காலம் காற்று மாதிரி ஒரு குரலில் தம்பியைக் கேட்டாள்: "மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?"

"காட்டிட்டேம்மா" என்றான் முந்தின நாளிலிருந்து ஆஸ்பத்திரியை விட்டு நகராதவன்.

விடிந்து பத்து மணிக்குப் போனாள். கைகள் இரண்டும் வயிற்றின் மேல் அவள் இஷ்டத்துக்குக் கிடந்தன.

கரகத்தை வேறு வகையறா எடுத்தது. என் சேலை பெட்டியிலேயே இருக்கிறது. தம்பி பெண்டாட்டி இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். நான் செய்தது சரி. மூன்று நாள் முன்னாலேயே செய்திருக்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்குக் குறை. உயிரைப் பிடித்து வைப்பது யாருக்காக என்று கேட்டுக்கொள்ளாமல் பிடித்து வைத்தால், அது பாசம் ஆகாது என்பதை எழுபது வயதை நெருங்கியபோதுதான் கற்றுக்கொண்டேன்.

நான் சொல்லச் சொல்ல இவ்வளவையும் எழுதியது என் பேத்தி. எங்கே கண்ணு, முதலிலிருந்து ஒரு தடவை படி. நாளைக்கு உன் ஆயா எனக்கும் அப்படி ஒரு நாள் வரும். சத்தமாகப் படி, உள்ளே இருக்கிற உங்கப்பனுக்கும் கேட்கட்டும்.