வேடியப்பனுக்கு இரண்டு கத்தி

முனிவேல் ஓசூரில் ஒரு கம்பெனியில் அளவுச் சோதனை அறையில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேட்டைக்காரன். துப்பாக்கியும் கிடையாது, வலையும் கிடையாது. அவன் தேடிப் போவது நடுகல்லை. பன்றி குத்தியோ, மாடு மீட்கப் போயோ செத்துப்போனவனுக்காக அந்தக் காலத்தில் உருவம் செதுக்கி நட்டுவைத்த கல். கிருஷ்ணகிரிச் சீமையில் அதையே வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். அப்படிக் கல் தேடி வண்டியில் சுற்றும் குழு ஒன்று ஓசூரில் உண்டு. இதுவரை யாரும் பதிவு செய்யாத ஒரு கல்லைக் காட்டும்வரை அங்கே சேருகிறவனுக்குப் பெயர் கிடையாது. "புதுசு" என்றுதான் கூப்பிடுவார்கள். முனிவேல் மழைக்காலம் முடிந்ததிலிருந்து புதுசாகவே இருந்தான்.

அவன் போய் நின்ற கல்லுக்கெல்லாம் வேறு யாராவது முந்தியிருந்தார்கள். குறை தன்னிடம் இல்லை, கருவியில்தான் என்று முடிவு கட்டினான். எல்லைப்புறத்தில் போனை நம்ப முடியாது. கெலவரப்பள்ளி அணைக் கரைமேல் நின்றால், தண்ணீருக்கு நடுவில் நிற்பதாக அவன் போன் காட்டியது. கையோடு கர்நாடகத்துக்கு நல்வரவும் சொன்னது.

ஆகவே கைக்கு அடக்கமான ஜிபிஎஸ் ஒன்று வாங்கத் தீர்மானித்தான். தீர்மானித்தது ஒரு நாளில். வாங்கியது ஒரு மாதம் கழித்து. வெயிலில் திரை தெரியுமா, உறை போட்ட கையால் அமுக்க முடியுமா, பேட்டரி தீர்ந்தால் உத்தனப்பள்ளிப் பெட்டிக்கடையில் கிடைக்கிற பேட்டரியைப் போட முடியுமா என்று தினமும் சாப்பிடும்போது பேச்சு.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப, காபி ஆறறதுக்குள்ள சரின்னுட்டீங்க," என்றாள் அவன் மனைவி பிரவீனா. "இதுக்கு என்னங்க இவ்ளோ யோசன?"

"உன்னத் திருப்பிக் குடுக்க முடியாதுன்னு தெரியும். அதான் யோசிக்கல."

கடைசியில் பொத்தான் வைத்த கருவியாகப் பார்த்து பெங்களூரில் வாங்கி வந்தான். தொடுதிரை வேண்டாம் என்று விட்டதில் அவனுக்கு இன்றைக்கும் பெருமை. மாடியில் ஒரே இடத்தில் வைத்துப் பத்து முறை அளவெடுத்து, பெரியதையும் சிறியதையும் தள்ளிவிட்டு, மிச்சத்துக்குச் சராசரி பார்த்தான். கம்பெனியில் பேரிங்குக்குச் செய்வதும் அதுதான்.

கத்தி விஷயத்தில்தான் சறுக்கினான். ஒரு பக்கம் கூர், மறுபக்கம் ரம்பப் பல், பிடிக்குள் திசைகாட்டி என்று ஒரு மடக்குக் கத்தியைப் படம் பார்த்தே தருவித்தான். அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு, கூட்டாளி அதாவுல்லாவின் இரும்புக்கடைக்குப் போனான்.

அதாவுல்லா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஆப்பிள் நறுக்க நல்லாருக்கும் மாப்ள."

"காட்டுக்குன்னே செஞ்சது அதா."

"எந்தக் காட்டுக்கு? நம்ம ஊருல இருக்கறது உண்ணிமுள்ளு. இதப் பாத்து அது பயப்படுமா?" என்று சொல்லி, முனையில் வளைந்து அரிவாள் போலிருக்கும் கனமான மச்சுக் கத்தி ஒன்றை எடுத்துப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தான். "வேணாம்னா திருப்பிக் குடுத்துரு. ஆனா குடுக்க மாட்ட."

அந்த வாரமே வேலை வந்தது. உத்தனப்பள்ளியை ஒட்டிய சரோஜம்மாளின் நிலத்தை, பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்க ஹரீஷ்குமார் என்பவர் குத்தகைக்கு எடுத்திருந்தார். நிலத்தின் மூலையில் வீடு உயரத்துக்கு ஒரு புதர். அதற்குள் வேடியப்பன் இருக்கிறார் என்பது சரோஜம்மாள் குடும்பத்தின் நம்பிக்கை. இப்போது உயிரோடு இருக்கும் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அந்தப் புதரில் இலை கிள்ளக்கூடக் குடும்பத்தில் யாருக்கும் அனுமதியில்லை. வருஷத்துக்கு ஒருமுறை ஓரத்தில் தேங்காய் உடைப்பதோடு சரி.

"கல்லைக் காட்டுங்க, குடில் கம்பத்தத் தள்ளிப் போட்டுக்கறேன்," என்று ஹரீஷ்குமார் சொல்லியிருந்தார். "சும்மா புதருக்காக முடியாதுங்க. திங்கக்கெழம ஜேசிபி வந்துரும்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முனிவேலும் பிரவீனாவும் போய் இறங்கினார்கள். குழுவில் மற்றவர்கள் பர்கூர்ப் பக்கம் போயிருந்தார்கள். சரோஜம்மாள் வரப்பில் நின்றுகொண்டு முதலில் ஒரு நிபந்தனை சொன்னார்.

"நீ வெளியாளு, வெட்டலாம் கண்ணு. ஆனா சாமி பொதர வெட்டின இரும்பு வூட்டுக்குத் திரும்பக் கூடாது. அது அவருக்குத்தான்."

முனிவேல் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். சரி என்றான்.

தேங்காய் உடைக்கும் இடத்தில் கருகிய கற்பூரத் தடம் இருந்தது. சாமிக்கு நேர் எதிரில்தானே உடைப்பார்கள்? ஆகவே கல் அதற்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, மடக்குக் கத்தியை விரித்தான். நாலு கிளைதான் விழுந்தது. ஐந்தாவதில் கத்தியின் ஆணி கழன்று, விசையைத் தட்டிவிட்ட குடை மாதிரி தானே மடங்கிக்கொண்டது.

"ஆப்பிள் வேணா எடுத்தாரட்டுமா?" என்றாள் பிரவீனா.

முனிவேல் மச்சுக் கத்தியின் பேப்பரைப் பிரித்தான். அது உண்ணிமுள்ளைக் கீரைத்தண்டு போல அரிந்தது. ஆனால் வெயில் ஏறும்வரை வெட்டியும் கல் இல்லை. வலது பக்கம் இல்லை, இடது பக்கம் இல்லை. ஹரீஷ்குமார் அளவு நாடாவோடு வந்து நின்று, கடிகாரத்தைப் பார்த்தார். சரோஜம்மாளின் முகம் சுருங்கிப்போயிற்று. "இல்லாத சாமிக்கா இத்தன வருசம் தேங்கா ஒடச்சோம்?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

முள் கிழித்த கையை உதறிக்கொண்டு முனிவேல் உட்கார்ந்தான். உட்கார்ந்த இடத்தில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தால் தேங்காய்ச் சிரட்டை. வெளியே கிடந்ததைவிடப் பழையது. தரையோடு கண்ணை வைத்துப் பார்த்தான். உள்ளே இன்னும் தள்ளி இன்னொன்று, பாசி பிடித்தது.

"ஏம்மா, ஒவ்வொரு வருசமும் ஒரே எடத்துலயா ஒடைப்பீங்க?"

"பொதரு ஓரத்துலதான். முள்ளு முன்னால வந்தா நாங்க பின்னால வந்து நிப்போம். வெட்டத்தான் கூடாதே!"

முனிவேல் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். புதர் வருஷா வருஷம் ஒரு சாண் முன்னால் வந்திருக்கிறது. கும்பிடுகிறவர்கள் வருஷா வருஷம் ஒரு சாண் பின்வாங்கியிருக்கிறார்கள். சாமி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறார். அவர் இருப்பது ஓரத்தில் இல்லை, நடு வயிற்றில்.

அதன்பிறகு ஜிபிஎஸ் வழி காட்டவில்லை. சிரட்டைதான் காட்டியது. ஒன்றைப் பார்த்து வெட்டி, அடுத்ததைப் பார்த்து வெட்டி உள்ளே போனான். பிரவீனா பின்னாலேயே கிளைகளை இழுத்துப் போட்டாள். கடைசிச் சிரட்டை கையில் எடுத்ததும் மண்ணாக உதிர்ந்தது. அதற்கு அந்தப் பக்கம், மார்பு உயரத்துக்கு ஒரு பலகைக் கல். பாய்ந்து வரும் பன்றியை ஒருவன் குத்துகிறான். காலடியில் அவன் நாய். அவன் கையில் இருந்தது சின்னஞ்சிறிய நேர்க்கத்தி.

"பாத்தியா? அவரும் என்ன மாதிரி சின்னக் கத்திதான் வாங்கியிருக்காரு!" என்று கத்தினான் முனிவேல்.

"அவருது மடங்கல," என்றாள் பிரவீனா.

சரோஜம்மாள் வெட்டிய சந்தில் குனிந்து உள்ளே வந்தார். கல்லைப் பார்த்ததும் முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்தார். பிறகு, "இவ்ளோ பக்கத்துலயா இருந்த நீ?" என்று அதட்டினார்.

இப்போது ஜிபிஎஸ்ஸின் முறை. எங்கே நடுவது என்று ஹரீஷ்குமாரின் குடில் வரைபடத்தில் ஒவ்வொரு கம்பத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண் இருந்தது. முனிவேல் கல்லின் தலைமேல் கருவியை வைத்து அளவெடுத்தான். பிறகு மறுபடி, மறுபடி.

"எத்தன தடவைங்க?" என்றார் ஹரீஷ்குமார்.

"பத்து. பெருசு, சிறுசு தள்ளிருவேன்."

"நானும் கம்பெனில இருந்தவன்தான். அஞ்சு போதும்."

"பத்து சார்."

சராசரியை லேப்டாப்பில் போட்டார்கள். கல் சரியாகக் கடைசி வரிசைக் கம்பத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. ஹரீஷ்குமார் தலையைச் சொறிந்தார். திரையில் அந்த வரிசையையே அழித்துவிட்டு, ஒரு வரிசை உள்ளே தள்ளிப் போட்டார். "சாமி அளவு எடுத்துத்தான் நின்னுருக்காரு. ரோஜா கொஞ்சம் கம்மியாப் பூக்கட்டும், போங்க. மொதப் பூவு இவருக்கே."

முனிவேல் கல்லைப் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினான். போனை அணைக்கப் போகும்போது பதில் வந்தது: "முனிவேல், நாங்க வர்றோம். அங்கேயே இரு." புதுசு என்று ஒருவரும் எழுதவில்லை. அதை அவன் இரண்டு முறை படித்தான்.

பிறகு மச்சுக் கத்தியைத் துடைத்துக் கல்லின் காலடியில் வைத்துக் கும்பிட்டான். திரும்ப நினைத்தவனை சரோஜம்மாள் நிறுத்தினார். "இடுப்புல?"

"அது ஒடஞ்சது அம்மா."

"நாலு கெள வெட்டுச்சில்ல?"

திசைகாட்டி, ரம்பப் பல் எல்லாவற்றோடும் அந்த மடக்குக் கத்தியும் வேடியப்பனுக்குப் போயிற்று. சரோஜம்மாளின் பார்வை அவன் கையில் இருந்த கருவிக்கு நகர்ந்தது. ஒரு மாதம் யோசித்து வாங்கியதை முனிவேல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"அது வெட்டுமா கண்ணு?"

"வெட்டாதுங்கம்மா. சத்தியமா வெட்டாது."

"அப்ப எடுத்துட்டுப் போ."

பிரவீனா அதற்குள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "அதா அண்ணா, இன்னொரு மச்சு எடுத்து வையுங்க. இல்ல, ரெண்டாவே வையுங்க. இவரு இனிமே நிக்க மாட்டாரு."