பைன் காயிலிருந்து வந்த சாம்பல் பூச்சி

பூச்சிக்குப் பேர் கண்டுபிடித்துச் சொல்வது என் பிழைப்பு. மதுரை வில்லாபுரத்தில் நான் தனியாகக் குடியிருக்கிற தெருவில் எனக்கே 'பூச்சி சார்' என்பதுதான் பேர். யாருக்கும் புரியாத வேலையைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறவர்களே, இது உங்களுக்குத்தான்.

செல்லோ டேப்

ஆனையூரிலிருந்து ஒரு அக்கா எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். மகளோடு கொடைக்கானல் போனபோது பொறுக்கிய பைன் காய்களை ஷோகேஸில் வைத்திருந்தாராம். மகள் கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டாள். காயிலிருந்து இப்போது பூச்சி வருகிறதாம். ஒன்றைப் பிடித்து, செல்லோ டேப்பில் ஒட்டி, பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்.

எல்லாரும் இப்படித்தான் கொண்டுவருவார்கள். றெக்கைச் செதில் பூராவும் டேப்போடு போய்விடும், வயிறு நசுங்கிவிடும், அப்புறம் நான் எதைப் பார்த்துப் பேர் சொல்ல? புழுவாக இருக்கும்போது பைன் விதையைத் தின்று வளர்கிற ஜாதி என்பது மட்டும் தெரிந்தது. பேர் வேண்டுமென்றால் இன்னொன்று முழுசாக வேண்டும் என்றேன்.

"பேரு கெடக்கட்டும் சார். எங்க வீட்டு அரிசியில ஏறுமா, ஏறாதா?"

பக்கத்து மேஜை

எனக்கோ ஆசை பிடித்துக்கொண்டது. சின்னதாய், சாம்பலாய், ஒரு புள்ளிகூட இல்லாத அந்துப்பூச்சி. இந்த மாதிரிப் பூச்சியெல்லாம் வெளியே பார்க்க ஒரே அச்சு. வயிற்றைத் தனியே எடுத்து, சதையைக் கரைக்கிற காரக் கரைசலில் ஊறவைத்து, உள்ளுறுப்பை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் இன்னது என்று சொல்ல முடியும். இதைப் பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்லிப் பூரித்தேன். அவர் கொசு பார்க்கிறவர். நாள் பூராவும் அவருக்குப் போன் வரும். என் போன் வாயே திறக்காது.

"மாப்ள, மதுரையில பைன் மரமே கிடையாது. இதுக்குப் பேரு கண்டுபிடிச்சு யாரைக் கூப்பிடப் போற?"

பாட்டில்

காய்களை வாயகன்ற பாட்டிலில் போட்டுத் துணி கட்டி வைக்கச் சொல்லியிருந்தேன். ஒரு நாள் அக்கா போன் செய்தார். ஓடினேன். பாட்டிலுக்குள் ஒரே ஒரு பூச்சி, செதில் கலையாமல் உட்கார்ந்திருந்தது. அதைக் கொல்கிற மருந்துக் குப்பியை நான் எடுத்ததும் அக்கா பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டார். வீட்டில் பேச்சுத்துணைக்கு இப்போது அதுதானாம். அதுவாகச் சாகட்டும், அப்புறம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எறும்பு தூக்கிப்போனால்? குப்பியை மூடாமல் கையிலேயே வைத்திருந்தேன். ஆனால் என் அறையும் ஞாபகத்துக்கு வந்தது. சரி என்று திரும்பிவிட்டேன்.

அது செத்த அன்றைக்கே கூப்பிட்டார். றெக்கை நைந்திருந்தது, நல்லவேளை, வயிறு முழுசாக இருந்தது. பேர் கிடைத்துவிட்டது. சொல்வதற்கென்றே ஆனையூர் போனேன். அக்கா அதை மெல்ல, தப்பும் தவறுமாக, திருப்பிச் சொல்லிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் நான் சொன்ன பேரைத் திருப்பிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். காபியை வைத்துவிட்டுக் கேட்டார்.

"அதுக்கு இம்புட்டு நீளப் பேரு இருக்கு. உங்களைப் போன்ல 'பூச்சி சார்'னுதான் போட்டு வச்சிருக்கேன். உங்க பேரு என்ன சார்?"

லத்தீன் பேரையெல்லாம் தடங்கலில்லாமல் சொல்கிற வாய், அன்றைக்கு என் சொந்தப் பேருக்குத் திக்கியது.