மோப்பம் டீச்சரின் ஓரகத்தி

துணைத் தலைமையாசிரியைக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. பிள்ளைகள் வைத்த பெயரோ வாசல் காவலாளிவரை பரவியிருந்தது: மோப்பம் டீச்சர். இடைவேளை முடிந்து இருநூறு பேர் மாடிப்படி ஏறி வரும்போது, எவன் சட்டையில் சிகரெட் வாடை என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். மிட்டாய் மென்றாலும் சரி, மூன்று தரம் சோப்புப் போட்டுக் கை கழுவினாலும் சரி, தப்ப முடியாது. பிடிபட்டவன் பத்து நாள் வீட்டில் கிடக்க வேண்டும். பெற்றவர்கள் அவள் மேசை முன்னால் வந்து தலைகுனிய வேண்டும். இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் நடந்தது. அவள் வந்தால் வராந்தாவே அடங்கிப்போகும். அதற்குப் பெயர் மரியாதை என்று நம்பியிருந்தாள்.

பிறகு வேப் என்கிற மின்சிகரெட் வந்தது. பென் டிரைவ் மாதிரி ஒன்று, உதட்டுச்சாயம் மாதிரி ஒன்று. ஊதினால் மாம்பழ வாசனை, புதினா வாசனை. யாரோ பழம் தின்றிருக்கிறார்கள் என்று அவள் மூக்கும் சும்மா இருந்துவிட்டது. ஒரு நாள் காலைக் கூட்டத்தில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். அவள் காலுறைக்குள்ளிருந்து ஒரு வேப் உருண்டு வந்து நின்ற இடம், மோப்பம் டீச்சரின் செருப்பு முனை.

தலைமையாசிரியை எல்லா ஆசிரியர்களையும் கூட்டினார். "பத்து நாள் வீட்டுக்கு அனுப்பிப் பாத்தாச்சு. அங்க உக்காந்து இன்னும் நிம்மதியா ஊதிட்டு வராங்க. வேற வழி பாப்போம்" என்றார்.

புது விதிகள் வந்தன. வளாகத்துக்குள் ஆசிரியரோ ஓட்டுநரோ விருந்தாளியோ, யாருமே புகைக்கக் கூடாது. பிடிபட்ட பிள்ளை ஆலோசகரிடம் நான்கு வாரம் உட்கார வேண்டும். அதற்கும் மசியாவிட்டால்தான் பழையபடி வீட்டுக்கு அனுப்புவது. தானாக வந்து சொல்கிற பிள்ளைக்குத் தண்டனையே கிடையாது. பெயர் ஆலோசகரின் நோட்டைத் தாண்டாது. வீட்டில் அந்தப் பிள்ளையே வாய் திறந்து சொல்லும்படி ஆலோசகர் பேசிப் பேசித் தயார்படுத்துவார்.

இதையெல்லாம்கூட டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். ஆலோசகராக வந்து உட்கார்ந்தவள்தான் பொறுக்க முடியாதவளாக இருந்தாள். அவள் டீச்சரின் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி, அதே வீட்டின் மாடியில் குடியிருப்பவள். மருத்துவமனையில், புகையை விட வருகிறவர்களோடு பேசும் வேலை பார்த்தவள். வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். "சின்னவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பதைப் பத்து வருடமாகக் கேட்டுக் கேட்டே டீச்சருக்குப் பாதி வயிறு எரிந்திருந்தது. பள்ளிக்கூடமாவது நமக்கென்று இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டிருந்தாள். இப்போது அதுவும் போயிற்று.

மாடிப்படிக்குக் கீழே, பழைய வரைபடங்கள் சுருட்டிக் கிடந்த அறையைச் சின்னவளுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். இரண்டு நாற்காலி, ஒரு மேசை, கதவுக்கு ஒரு திரை. முதல் வாரம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. டீச்சருக்கு அந்த வாரம் சோறு ருசித்தது. இரண்டாம் வாரம் ஒருத்தன் போனான். மூன்றாம் வாரம் வாசலில் மூன்று பேர் காத்திருந்தார்கள். அதில் ஒருவன், அவள் இரண்டு முறை வீட்டுக்கு அனுப்பிய நெட்டையன். அவள் முன்னால் ஊமையாக நின்றவன், திரைக்குப் பின்னால் கலகலவென்று பேசுவது மேல்படிவரை கேட்டது. ஐந்தாம் வாரம் கணக்கு வாத்தியாரே தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போனார். டீச்சர் எந்த வகுப்புக்குப் போனாலும் அந்தப் படிக்கட்டைச் சுற்றியே போனாள். எண்ணக் கூடாது என்றுதான் நினைப்பாள். கண் எண்ணிவிடும்.

"என்ன, காதுல புகை வருது? நம்ம வீட்டுக்கும் விதி போடணும் போலிருக்கே?" என்றான் கணவன், ஒரு சாயங்காலம்.

"உங்க தம்பி பெண்டாட்டிகிட்ட சொல்லுங்க. நாலு வாரம் உக்கார வெச்சு அணைச்சிடுவா."

அந்த வீட்டில் இன்னொரு எரிச்சலும் இருந்தது. அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கும் அவள் மகள், பள்ளி விட்டு வந்ததும் பையைக் கீழே எறிந்துவிட்டு "சித்தீ" என்று மாடிக்கு ஓடுவாள். அம்மாவிடம் அவள் பேசுவதெல்லாம் ஆமாம், இல்லை, பசிக்குது.

பருவம் முடிகையில் இந்த விதிகள் தொடர வேண்டுமா என்று ஆசிரியர் கூட்டத்தில் முடிவெடுப்பதாக இருந்தது. டீச்சர் அந்த நாளுக்காகக் கறுவிக்கொண்டிருந்தாள். போன பிள்ளைகளே திரும்பத் திரும்பப் போகிறார்கள், ஒருத்தனும் திருந்தவில்லை என்று புள்ளிவிவரத்தோடு போட்டு உடைக்க வேண்டும். புள்ளிவிவரம் சின்னவளின் நோட்டில் இருந்தது. கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம், பிள்ளைகளுக்கு விற்காதீர்கள் என்று தெருமுனைக் கடைக்காரர்களிடம் பேசச் சின்னவள் வெளியே போயிருந்தாள். எல்லா அறைகளின் சாவிக்கொத்தும் துணைத் தலைமையாசிரியையிடம்தானே இருக்கும்?

நோட்டு மேசை இழுப்பறையில் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் தன் மகளின் பெயரைப் படித்தாள். அடுத்த பக்கத்திலும் அதே பெயர். ஆறு முறை வந்திருக்கிறாள். 'அம்மாவிடம் சொல்லப் பயம். இந்த வாரம் முயல்வதாகச் சொன்னாள்.' அதன் கீழே, 'சொல்லவில்லை.' அதற்கும் கீழே, மறுபடியும், 'சொல்லவில்லை.'

ஒரு தாய்க்கு அப்போது முதலில் பயம் வந்திருக்க வேண்டும். அவளுக்கு வந்தது பயமில்லை. என்னிடம் சொல்லாததை அவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறாளே என்ற பொருமல்தான் முதலில் வந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. இரண்டு மாதமாக மகளின் பையிலிருந்து வந்த இனிப்பு வாசனையை அவள் மூக்கு அறிந்தே இருந்தது. ஏதோ முகப்பூச்சு என்று விட்டுவிட்டாள்.

சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த சின்னவளிடம் போய் நின்றாள்.

"அவ என் பொண்ணுடி."

சின்னவளின் கை கொடியிலேயே நின்றது. "நோட்டைப் படிச்சீங்களாக்கா?"

"எத்தனை நாளா நீயும் அவளும் சேர்ந்து மறைக்கிறீங்க?"

"நான் சொந்தக்காரி, ஆஸ்பத்திரியில வேற ஆள்கிட்ட போன்னு முதல் நாளே சொன்னேன். கேக்கல. உங்ககிட்ட சொல்லச் சொல்லி வாராவாரம் கெஞ்சறேன்." சின்னவள் எடுத்த துணியை மறுபடி கொடியிலேயே போட்டாள். "அந்த நோட்டுல முப்பத்தோரு பேர் இருக்காங்கக்கா. பூட்டின ரூமைத் திறந்து அத்தனை பேரையும் படிச்சிருக்கீங்க. பிரின்சிபால்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

டீச்சர் படி இறங்கினாள். சின்னவள் நியாயத்தைப் பேசினாள் என்பதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது.

மறுநாள் கூட்டத்தில் அவள் எழுந்தாள். "ஆலோசகர் ரூமைத் திறந்து நோட்டைப் படிச்சேன். தப்பு. இனிமே அந்தச் சாவி என்கிட்ட இருக்க வேண்டாம்" என்று கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். விதிகள் தொடரலாமா என்று தலைமையாசிரியை கேட்டபோது, "தொடரட்டும்" என்றாள். சின்னவள் பக்கம் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் கஷ்டம்: தெரியாத மாதிரி இருப்பது. மகள் எதிரில் உட்கார்ந்தால் கேள்வி நுனிநாக்குவரை வரும், விழுங்குவாள். பதினெட்டாம் நாள், அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, மகள் வந்து மேசை ஓரத்தைச் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, திட்டாம கேளு." பரீட்சைப் பயம், ஒரு தோழி கழிப்பறையில் கொடுத்தது, பிறகு விட முடியாமல் போனது, இப்போது பன்னிரண்டு நாளாகத் தொடவில்லை என்பது, எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தது.

பன்னிரண்டு நாள் என்பதுதான் பெரிய விஷயம் என்று டீச்சருக்குத் தெரியும். ஆனால் வாயில் வந்தது வேறு. "சித்திகிட்ட ஏன் முதல்ல சொன்ன?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "சித்தி என்னை மோந்து பாக்க மாட்டாங்கம்மா."

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடினாள். திறந்தாள். திரும்ப மூடினாள். பிறகு பக்கத்து நாற்காலியைக் காலால் இழுத்து, "உக்காரு. பன்னிரண்டு நாளும் எப்படிச் சமாளிச்ச, சொல்லு" என்றாள். சோறு ஆறும்வரை மகள் சொன்னாள். நடுவில் இரண்டு இடத்தில் டீச்சருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கேட்டுக்கொண்டிருந்தாள்.

மகள் அதற்குப் பிறகும் ஒரு தரம் வழுக்கி ஊதிவிட்டாள். அன்று நேராக அம்மாவிடம் வந்தாள். மாடிக்கு அப்புறம்தான் போனாள். அந்த வரிசையை டீச்சர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் முகம் தெளிவாக இருந்தது. கேடு கெட்ட மனசு, பிள்ளை வழுக்கியதற்கா சந்தோஷப்படுவது என்று தன்னைத் தானே திட்டவும் செய்தாள்.

வருட முடிவில் கல்வி அதிகாரி பள்ளிக்கு வந்தார். புகையில்லாத பள்ளி என்று பாராட்டி, ஆலோசகரை மேடைக்கு அழைத்தார். நெட்டையன் விசிலடித்தான். மோப்பம் டீச்சரும் கைதட்டினாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திக்கொண்டு.