பர்ஹானா பார்த்த வரிசை

“ஏனுங்க, எல்லாரும் மவுஸ்ல இருந்து கைய எடுங்க. ஆரும் எதையும் அமுக்காதீங்க.”

நாகலூர் பக்கத்து எஸ்டேட் ஆபீசில் பிரிண்டர் நின்றுபோனால், பர்ஹானா செருப்பைக் கழற்றும்போதே இதைச் சொல்லிவிடுவார். பிரிண்ட் வரவில்லை என்றால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்கு மறுபடி மறுபடி தட்டிவிடுவார்கள். அத்தனையும் போய் வரிசையில் நிற்கும்.

ஏற்காடு கடைத்தெருவில் மிளகுக்கடை வைத்திருக்கும் பைசலின் மனைவி இவர். எஸ்டேட் கம்ப்யூட்டர்களை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்கிறார். ஹெல்மெட்டுக்குள் முக்காடு, கைப்பையில் ஸ்க்ரூ டிரைவரும் இஞ்சி மரப்பாவும். “நொம்ப அடம் பண்றே கண்ணு” என்று பிரிண்டரிடம் குழைவார். மனிதர்களிடம் அவ்வளவு இதம் கிடையாது.

போன வாரம் காப்பி மூட்டை ஏற்றிய லாரி வாசலில் நின்றது. கூடவே கொண்டுபோக வேண்டிய பில் வரவில்லை. அது இல்லாமல் டிரைவர் தங்கராஜ் தலைகீழாக நின்றாலும் வண்டியை மலையிறக்க முடியாது. மேனேஜர் பிரபாகர் முறைத்ததோ பில் போடும் மேகலாவை. தன் ஊரான வாழவந்தியின் திருவிழா நோட்டீசை ஆபீஸ் பிரிண்டரில் போட்டு ஏற்கெனவே மாட்டிக்கொண்டவள் அவள். “இனிமே சொந்த வேலைக்கு இதுல பிரிண்ட் போட்டா, ஆரா இருந்தாலும் ஊட்டுக்குப் போயிரலாம்” என்று அன்றைக்கே அவர் எல்லாருக்கும் சொல்லியிருந்தார்.

“சத்தியமா நான் இல்லீங்க சார்.” மேகலா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

கணக்கெழுதும் ரைட்டரின் அறை மூலையில் இருக்கும் சர்வர் முன்னால் பர்ஹானா உட்கார்ந்தார். எந்த மேசையில் பிரிண்ட் கொடுத்தாலும் இங்கே வரிசை கட்டித்தான் பிரிண்டருக்குப் போகும். முதலில் நிற்பது நகராவிட்டால் பின்னால் எதுவும் நகராது. பட்டியலைத் திறந்தார். ஒரே லாரி பில் மேலிருந்து கீழ்வரை திரும்பத் திரும்ப நின்றது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு போஸ்டர், பிரிண்டரில் இல்லாத பெரிய தாளைக் கேட்டுக்கொண்டு அசையாமல் இருந்தது. பெயர்: ‘மலர்க் கண்காட்சிச் சலுகை, பைசல் மிளகுக்கடை’. அனுப்பியவர்: பர்ஹானா.

யா அல்லா! அன்று காலையில் இங்கே வந்தபோது, ஒண்ணே ஒண்ணுதானே என்று தட்டிவிட்டு, வேறு எஸ்டேட்டிலிருந்து போன் வந்ததும் மறந்தே போயிருந்தார்.

 அடுத்த மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். கையெழுத்துப் போடுவது பிரபாகர்தான். ஒரு தட்டு தட்டினால் போதும், போஸ்டரும் போகும், அனுப்பியவர் பெயரும் போகும். சர்வர் மக்கர் பண்ணிருச்சுங்க என்றால் தன்மேல் சந்தேகம் வராது. ஆனால் பிரபாகர் மேகலாவைச் சந்தேகப்படுவதை விடமாட்டார்.

“மேகலா வேலைதானுங்களே?” கதவோரத்திலிருந்து பிரபாகர் கேட்டார்.

பர்ஹானா இரண்டு கையாலும் மானிட்டரைப் பிடித்து, முழுசாக அவர் பக்கம் திருப்பி வைத்தார். அவர் அந்த முதல் வரியைப் படித்து முடிக்கும்வரை காத்திருந்து, பிறகுதான் அதை அழித்தார்.